டாரதி டிக்ஸ் அம்மையார்

குடும்பத்தில் பிணக்கு நேரின், பாட்டியோ அத்தையோ இருதரத்தாரையும் அழைத்து வைத்துக்கொண்டு புத்தி கூறுதல் நம் வீடுகளில் தொன்றுதொட்டு வந்த வழக்கம். அங்ஙனம் கூறுதற்கு ஒருவரும் அருகில் இல்லாத பெண் என் செய்வாள்? அமெரிக்க ஐக்கிய நாடுகளில் அத்தகைய பெண்கள் இலட்சக்கணக்கினர் ஓர் அம்மையாருக்குக் கடிதம் எழுதினர். அவர் தினசரிப் பத்திரிகைகளின் வாயிலாக அரை நூற்றாண்டுக்கு மேல் அவர்கட்கு விடையிறுத்து வந்தனர். உலகம் அவரை டாரதி டிக்ஸ் என்று அறியும். இத்துணைப் பேருக்கு இல்லற நெறி கூறிய அவ்வம்மையாரின் சொந்த இல்லறம் எத்தன்மையது என்பதை அக்காலத்து வாசகருள் அறிந்தார் மிகச் சிலரே. அதனை அறிந்த பின்னரே அவருடைய எழுத்தின் மதிப்பு விளங்கும் என்பது என் துணிபு.

எலிஸபெத் மெரிவெதர் என்பது அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர். டென்னஸி மாகாணத்தில், கெண்டக்கி எல்லையை அடுத்த ஒரு பெரிய பண்ணையில் 1861-ம் ஆண்டு நவம்பர் 18-ம் நாள் பிறந்தார். அவ்வாண்டிலேதான் வட மாகாணங்கட்கும் தென் மாகாணங்கட்கும் உள்நாட்டுப் போர் மூண்டது. கறுப்பு மக்களை அடிமைகளாக வைத்து வேலை வாங்கிய செல்வக் குடும்பங்களுள் அவர் குடும்பமும் ஒன்று. 1865-ல் போர் முடிந்தது; அடிமைகள் விடுதலை பெற்றனர்; பண்ணையின் செல்வமும் கரைந்தது. பின்னர் அன்னையும் காலஞ்சென்றனர். தந்தையார் மறுமணம் செய்துகொண்டார்.

அம்மையார் தம் 21-ம் வயதில், 1882-ல், ஜார்ஜ் கில்மர் என்பாரை மணந்தார். அவர் சிற்றன்னையின் உடன்பிறந்தார். நம் முறைப்படி கூறின் மாமன் முறையினர். தெரிந்த குடும்பம், அறிந்த பிள்ளை. ஆராய வேண்டுவது யாதுளது என்று பெரியோர் எண்ணியிருப்பர்! மணம் நிகழ்ந்த பின்னரே மாப்பிள்ளையின் உள்ளநிலை புலப்பட்டது. ஒரு தொழிலிலும் நிலைத்து நிற்க அவரால் இயலவில்லை. காரணமின்றிச் சினம் எழும். காரணமின்றிச் சோர்வு வந்து கவியும். அது மனநோய் என்பது வரவர வெளிப்படையாயிற்று. பத்தாண்டுகள் இத்துன்பத்தையும் வறுமையையும் தாங்கிய அம்மையார், இறுதியில் தாமும் உடலும் உள்ளமும் தளர்ந்து படுக்கையில் வீழ்ந்தார்.

உடல் தேறும்பொருட்டு மிஸிஸிப்பி மாகாணத்துக் கடற்கரையிலுள்ள பே செயிண்ட் லூயிஸ் என்னும் ஊருக்கு அவரை அழைத்துச் சென்றனர். அவர் தங்கிய வீட்டிற்கு அடுத்த வீடு எலைஸா ஜேன் நிக்கல்ஸன் அம்மையாருடையது. நியூ ஆர்லியன்ஸ் நகரத்துப் 'பிக்கயூன்' என்னும் தினசரியை, கணவர் விட்டுச் சென்ற கடன்களோடு ஏற்று நடத்தி, முன்னுக்குக் கொண்டுவந்த பெண்மணி அவர். நோயாளி எழுதி வைத்திருந்த ஒரு சிறுகதையை அவர் படித்துப் பார்த்து, 3 டாலர் விலை கொடுத்து வாங்கிக்கொண்டார். அம்மூன்று டாலர் செய்த வேலையை எந்த மருந்தும் செய்திராது. பின்னர்ப் பத்திரிகையிலேயே வேலையும் கிடைத்தது. சம்பளம் வாரம் 5 டாலர். முப்பது வயது கடந்த ஒரு பெண், முன்பயிற்சி எதுவுமின்றி, ஆடவரே நிறைந்திருந்த காரியாலயத்திற் புகுந்து கடைநிலைச் செய்திகளிலிருந்து தொழிலைக் கற்கத் தொடங்கினார்.

1895-ல் ஞாயிற்றுக்கிழமைதோறும் பெண்களுக்கென ஒரு பகுதி எழுதும் பொறுப்பு அவருக்கு அளிக்கப்பட்டது. அக்காலத்துப் பெண் எழுத்தாளர் புனைபெயர் பூணுவது வழக்கம். டாரதி என்பது அவர் விரும்பிய பெயர். டிக்ஸ் என்பதோ, போர்க்காலத்தில் குடும்பத்தின் வெள்ளிப் பாத்திரங்களைப் பகைவர் கைப்படாது காத்த டிக் என்னும் முதிய கறுப்பு ஊழியரின் நினைவாக அமைந்தது. (பைத்திய வைத்தியசாலைகளின் சீர்திருத்தத்திற்குப் பாடுபட்ட டாரதியா டிக்ஸ் என்னும் அம்மையார் வேறு, அவர் 1887-லேயே காலஞ்சென்றவர். பெயரொற்றுமையால் பலரும் மயங்குவர்.)

அதற்குமுன் பெண்களுக்கு எழுதியோர் அவர்களைத் தேவதைகள் என்று புகழ்ந்தனர். அல்லது குழந்தைகள்போல் எண்ணிக் கடிந்தனர். டாரதி டிக்ஸ் இவ்விரண்டையும் விடுத்து, அடுக்களையில் அமர்ந்து பேசுவார் போன்று, நகைச்சுவை கலந்து, உள்ளதை உள்ளவாறே எழுதினார். அந்நாளில் தொழிற்சாலைகளும் இருப்புப்பாதைகளும் பெருகி, மக்கள் ஊரைவிட்டு நகரங்களிற் குடியேறிக்கொண்டிருந்தனர். வாடகை அறையில் தனித்து வாழ்ந்த இளம்பெண்ணுக்குப் படிப்புண்டு, பத்திரிகையுண்டு, பாட்டி இல்லை. அவ்விடத்தை இவர் நிரப்பினார்.

1901-ல் ஹெர்ஸ்ட் என்னும் பெருஞ்செல்வர் நடத்திய நியூயார்க் பத்திரிகை அவரை அழைத்துக்கொண்டது. அங்கே குடும்பக் கட்டுரைகளோடு கொலை வழக்குகளையும் எழுத வேண்டியதாயிற்று. 1907-ல் ஹாரி தா என்னும் செல்வர்மீது நடந்த புகழ்பெற்ற கொலை வழக்கிலே, இவரும் வேறு மூன்று பெண் நிருபர்களும் எழுதியவற்றை நோக்கி, அழுகைச் சகோதரிகள் என ஆடவர் ஏளனம் செய்தனர். ஏளனம் செய்தோர் பெயர் மறைந்தது. அவ்வழக்குகள் அவருக்கு வேறொரு வகையிற் பயன்பட்டன என்று எண்ணுகிறேன். மனத்தாங்கல் ஒன்று வளர்ந்து வளர்ந்து எங்கே சென்று முடிகின்றது என்பதை நீதிமன்றத்திற் கண்ணெதிரே கண்டவர், கடிதத்தில் வரும் சிறு முறையீட்டையும் சிறிதென்று தள்ளமாட்டார் அல்லவா?

1917-ம் ஆண்டையொட்டி அவருடைய கட்டுரைகளைப் பல பத்திரிகைகளுக்கு ஒருங்கே வழங்கும் நிறுவனத்தோடு ஒப்பந்தம் ஏற்பட்டது. கொலைச் செய்திகளின் தொல்லை பெரும்பாலும் நீங்கிற்று. நியூ ஆர்லியன்ஸுக்கே மீண்டு, கடிதங்களில் முழுநோக்கமும் செலுத்தினார். 1940-ம் ஆண்டளவில் 273 பத்திரிகைகள் அவர் எழுத்தை வெளியிட்டன. வாசகர் தொகை 6 கோடி என மதிப்பிட்டனர். கணவன் குடிக்கின்றான், மாமியார் கொடுமை செய்கின்றார், காதலன் மணநாளைத் தள்ளிக்கொண்டே போகின்றான் என நாடோறும் கடிதங்கள் மூட்டை மூட்டையாக வந்து குவியும்.

அவர் கூறியவற்றுள் இரண்டினை நம் குடும்பத்தினர் சிறப்பாகக் கருதவேண்டும். ஒன்று, பெண்ணுக்கு மணம் முடிக்குமுன் சம்பாதிக்கத்தக்க ஒரு தொழிலைக் கற்பித்தல். கைத்தொழில் அறியாத பெண்ணின் நிலையைத் தம் வாழ்க்கையிலேயே அனுபவித்தவர் அவர். மற்றொன்று, மனையாள் வீட்டிற்குள் செய்யும் வேலைக்கும் மதிப்புண்டு என்பது. 1903-ல் நியூ ஆர்லியன்ஸில் கூடிய பெண்கள் வாக்குரிமை மகாநாட்டில் அவர் பேச எடுத்துக்கொண்ட பொருள் துடைப்பம் ஏந்திய பெண். சமைத்து, துவைத்து, பிள்ளை வளர்க்கும் உழைப்பிற்குக் கூலியும் இல்லை, நன்றியும் இல்லை என்பது அவர் வாழ்நாள் முழுதும் மீண்டும் மீண்டும் எடுத்துரைத்த குறை. சம்பளக் கவரை மனைவியிடம் கொடுத்துவிட்டு, மறுநாளே ஒவ்வொரு காசுக்கும் கணக்குக் கேட்கும் கணவர் நம்மிடையேயும் உளர். இதனை எழுதும் ஆசிரியனும் சில மாதங்களில் அங்ஙனம் கேட்டதுண்டு.

குறைகளையும் மறைத்தல் தகாது. 1914-ல் மிராண்டி என்னும் கறுப்புப் பெண் பேசுவது போன்று அவர் வெளியிட்ட நூல், அம்மக்களின் பேச்சை நகைப்புக்கு உரியதாக்கிற்று. தம் புனைபெயரிற் பாதியை ஒரு கறுப்பு ஊழியரிடமிருந்து பெற்றவர் இங்ஙனம் செய்தது வருந்தத்தக்கது. மேலும், ஒருதலைக் கடிதத்தை மட்டும் கண்டு தீர்ப்புரைத்தல் எளிதிற் பிழைபடும் தொழில். கேள்விகளை அவரே புனைந்துகொண்டார் என்ற பேச்சும் எழுந்தது. ஆஸ்திரேலிய பார்லிமெண்டில், மந்திரி விடை கூறுவதற்கென்றே அவர் கட்சியினர் முன்னரே ஏற்பாடு செய்து கேட்கும் கேள்விக்கு இன்றளவும் இவர் பெயரே வழங்குகின்றது!

இத்தனை ஆண்டுகளும் ஜார்ஜ் கில்மரின் நோய் தீர்ந்தபாடில்லை. குழந்தைப்பேறும் இல்லை. அம்மையாரின் புகழ் வளர வளர அவருடைய மனக்கசப்பும் மிகுந்தது. விவாகரத்துப் பெறுதல் அந்நாட்டில் அரிதன்று. பொருளும் புகழும் உடைய இவர்க்கு மிக எளிது. எனினும் அவர் அதனை நாடினாரில்லை. இது சரியா தவறா என்று நம் வாசகர் தத்தம் இல்லங்களில் வாதிடுக. என் கருத்து வேறு. தாம் பொறுத்தார் என்பதற்காகப் பிற பெண்களையும் எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளுமாறு அவர் வற்புறுத்தவில்லை. தம் துயரைப் பத்திரிகையிற் பரப்பி இரக்கம் தேடவும் இல்லை. முன்பின் அறியாத பெண்ணின் கண்ணீரை அவர் பொய்யென ஒதுக்காமைக்குக் காரணம், அதன் சுவையை அவர் அறிந்திருந்தமையே.

1926-ல், ஏறக்குறைய 65 வயதில், நியூ ஜெர்ஸியில் ஒரு பாதிரியாரும் பாடகியும் கொலையுண்ட வழக்கை எழுதுதற்கு மீண்டும் நீதிமன்றம் சென்றார். குற்றஞ்சாட்டப்பட்ட பாதிரியாரின் மனைவியும் அம்மனைவியின் சகோதரர்களும் விடுதலை பெற்றனர். பின்னர் ஜார்ஜ் கில்மர் மனநோய் மருத்துவசாலையொன்றிற் காலஞ்சென்றார். அதன் பின்னரும், எண்பது வயது கடந்தும், அம்மையார் எழுதுவதை நிறுத்தவில்லை. 1951-ம் ஆண்டு டிசம்பர் 16-ம் நாள், தம் 90-ம் வயதில், நியூ ஆர்லியன்ஸில் உயிர் நீத்தார். அந்நகரத்து மெட்டேரி இடுகாட்டில் அவருடைய உடல் அடக்கம் செய்யப்பட்டது.