ஆண்டுதோறும் ஓர் உடன்படிக்கை: ஜோன் வெஸ்லியின் வாழ்வு

புதுவருடம் பிறந்ததும் மெதடிஸ்த ஆலயங்களிலே உடன்படிக்கை ஆராதனை நடைபெறுவதை எம்மவருட் பலர் அறிவர். சபையார் யாவரும் ஒன்றுகூடித் தம்மை மீண்டும் இறைவனிடம் ஒப்புக்கொடுக்கும் வழிபாடு அது. அதனை ஏற்படுத்திய ஜோன் வெஸ்லி, என்றுமே தளராத விசுவாசம் படைத்தவராகவே பலராலும் எண்ணப்படுகின்றார். அவரது வாழ்க்கை காட்டுவது வேறு.

1703ஆம் ஆண்டு இங்கிலாந்தின் எப்வேர்த் என்னும் ஊரிலே குருவானவர் ஒருவரின் மகனாகப் பிறந்தார் வெஸ்லி. அவருடைய பாட்டன்மார் இருவரும் 1662இல் அரசின் வழிபாட்டுச் சட்டத்திற்கு இணங்க மறுத்துக் குருப்பதவியை இழந்தவர்கள். ஐந்து வயதில் வீடு தீப்பற்றியபோது மேல்மாடி யன்னலூடாக அவர் காப்பாற்றப்பட்டார். ஒக்ஸ்போர்டிற் கற்று 1728இல் குருப்பட்டம் பெற்றார். உபவாசம், செபம், சிறைக்கைதிகளைச் சந்தித்தல் எல்லாம் ஒழுங்குதவறாமல் நடந்தன.

1735இல் அமெரிக்காவின் ஜோர்ஜியாவுக்குக் கப்பலேறினார். அடுத்த ஜனவரியில் நடுக்கடலிலே பெரும்புயல் வீசியது. பாய் கிழிந்தது, கப்பலுக்குள் நீர் புகுந்தது. ஆங்கிலேயர் அலறினர். உடன்வந்த மொறேவிய சபையாரோ பாடிக்கொண்டிருந்த சங்கீதத்தை நிறுத்தவில்லை. மதத்தின் பொருட்டுச் சொந்த மண்ணை விட்டு ஓடி, அயல்நாட்டிலே தஞ்சம் புகுந்தவர்களால் உருப்பெற்ற சபை அது. அவர்களுடைய பெண்களும் பிள்ளைகளுங்கூட மரணத்துக்கு அஞ்சாதிருந்தமை வெஸ்லியை உலுக்கியது. அஞ்சியவர்களுள் தாமும் ஒருவர் என்பதை அவர் மறைக்கவில்லை.

ஜோர்ஜியாவில் அவருடைய பணி சிதைந்தது. தாம் விரும்பிய பெண் வேறொருவரை மணந்தபின், அவளுக்கு அவர் நற்கருணை வழங்க மறுத்தார், வழக்குத் தொடரப்பட்டது. இவ்விடயத்தில் வெஸ்லிக்காகப் பரிந்து பேசுவது கடினம். 1737 டிசம்பரில் அவர் நாடு திரும்பப் புறப்பட்டார்.

1738 மே 24ஆம் திகதி மாலை, இலண்டன் ஓல்டர்ஸ்கேற் வீதியில் நடந்த கூட்டமொன்றிலே, ரோமர் நிருபத்திற்கு மார்ட்டின் லூதர் எழுதிய முன்னுரை வாசிக்கப்படக் கேட்டுக்கொண்டிருக்கையில் அவருடைய உள்ளம் அனல்கொண்டது. வாழ்க்கை வரலாறு சொல்வோர் பெரும்பாலும் இங்கே நிறைவுகண்டு விடுகின்றனர். ஆனால், 1739ஆம் ஆண்டு பிறந்த இரவில் ஏறத்தாழ அறுபது பேருடன் அதிகாலை மூன்று மணிவரை செபித்துப் பேரானந்தம் அடைந்த அதே வெஸ்லி, ஜனவரி 4ஆம் திகதியன்று தாம் கிறிஸ்தவனே அல்ல என்று நாட்குறிப்பில் எழுதிவைத்தார். இடையே கழிந்தவை மூன்றே நாட்கள்!

அவ்வாண்டிலேயே அவர் பிறிஸ்டல் நகரருகே திறந்தவெளியிற் பிரசங்கிக்கத் தொடங்கினார். நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் திரண்டு வந்தனர். நாடெங்கும் சங்கங்கள் தோன்றின. ஆயினும் உற்சாகத்தோடு சேர்ந்தவர்கள் காலப்போக்கிற் குளிர்ந்து போவதையும் அவர் கண்டார். உணர்ச்சி வரும், போகும். கொடுத்த வாக்கைப் புதுப்பித்துக்கொள்ள மனிதனால் முடியும். உடன்படிக்கை என்னும் எண்ணம் அவருள் வலுப்பெற்றமைக்கு இதுவே காரணமெனக் கொள்ளலாம்.

1755 ஆகஸ்ட் 11ஆம் திகதி மாலை ஆறு மணிக்கு, இலண்டன் ஸ்பிட்டல்பீல்ட்ஸ் பகுதியிலிருந்த பிரெஞ்சுத் தேவாலயத்தில் மக்கள் கூடினர். 1685இல் பிரான்சு மன்னன் புரொட்டஸ்தாந்தருக்குரிய உரிமைகளைப் பறித்தபின் அகதிகளாக வந்தோர் பெருந்தொகையாகக் குடியேறிப் பட்டு நெய்து வாழ்ந்த பகுதி அது. 1662இற் பதவியிழந்த குருமாருள் ஒருவரான ரிச்சர்ட் அலைன் வெளியிட்ட உடன்படிக்கையின் சாரத்தை வெஸ்லி எடுத்துரைத்தார். சம்மதத்தின் அடையாளமாக ஏறத்தாழ 1,800 பேர் எழுந்து நின்றனர்.

பிற்காலத்தில் இலண்டனில் இவ்வழிபாடு புதுவருடத்தோடு இணைந்தது. 1780இல் அதற்குரிய வழிகாட்டி நூலையும் வெஸ்லி வெளியிட்டார். இதற்கிடையில், 1766இல் தம்பி சாள்ஸுக்கு எழுதிய கடிதமொன்றில், தாம் இறைவனை என்றேனும் நேசித்ததுண்டா என்றே ஐயுற்றிருந்தார். அப்போது அவர் அறுபது வயதைக் கடந்திருந்தார். ஐயத்தோடேயே குதிரையேறினார், பிரசங்கித்தார், உடன்படிக்கை ஆராதனைகளையும் நடத்தினார்.

1791 மார்ச் 2ஆம் திகதி, 87ஆம் வயதில், இலண்டனில் அவர் காலமானார். 23 ஆண்டுகளின் பின் அவருடைய சீடர் தோமஸ் கோக் இலங்கைக்கு மிஷனரிமாரை அழைத்துப் புறப்பட்டு, 1814 மே மாதத்திற் கடலிலேயே உயிர்நீத்தார். எஞ்சியோர் காலியிற் கரையிறங்கினர். அவர்களுள் லிஞ்ச், ஸ்குவான்ஸ் ஆகிய இருவரும் அவ்வாண்டிலேயே யாழ்ப்பாணம் சென்றனர்.