அர்ச். குழந்தை தெரேசம்மாளின் தகப்பனார்



சிறுபுஷ்பத்தின் படம் மாட்டாத வீடு நம்மிடையே அபூர்வம். பாடுபட்ட சுரூபமும் ரோசாப் பூக்களும் ஏந்தி நிற்கும் அந்தக் கன்னிகையை உங்கள் பிள்ளைகளும் அறிவார்கள். அவளைப் பெற்ற தகப்பனாரை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அவரும் அவருடைய மனைவியும் 2015-ம் ஆண்டு அக்டோபர் 18-ந் தேதி உரோமையில் ஒரே நாளில் அர்ச்சியசிஷ்ட பட்டம் பெற்றார்கள்.

லூயிஸ் மார்ட்டின் 1823-ல் பிரான்ஸ் தேசத்தில் பிறந்தவர். வாலிபத்தில் சந்நியாசியாக விரும்பி, ஆல்ப்ஸ் மலைமேல் உள்ள பெரிய அர்ச். பெர்நார்து மடத்தின் கதவைத் தட்டினார். லத்தீன் தெரியாதென்று அனுப்பிவிட்டார்கள். பிறகு அலான்சோன் பட்டணத்தில் கடிகாரக் கடை வைத்தார். ஞாயிற்றுக்கிழமை அந்தக் கடை திறவாது. 1858-ல் லேஸ் தொழில் நடத்திய செலி என்ற புண்ணியவதியை விவாகம் செய்தார். ஒரு மகனாவது குருவாகி மிஷனுக்குப் போகவேண்டும் என்பது இருவருடைய மன்றாட்டு. சூசை என்று பெயரிட்ட இரண்டு ஆண் குழந்தைகளும் ஒரு வயது நிரம்புமுன் இறந்தன. இரண்டு பெண் குழந்தைகளும் சிறு வயதிலேயே இறந்தன. ஒன்பது பிள்ளைகளில் ஐந்து பெண்களே மிஞ்சினார்கள். 1877-ல் மார்புப் புற்றுநோயால் தாயும் இறந்தாள். அப்போது கடைக்குட்டி தெரேசுக்கு நாலரை வயது.

பெண்களுக்கு மாமன், அத்தை ஆதரவு வேண்டுமென்று, வயோதிகத் தாயாரையும் சிநேகிதரையும் விட்டு லிசியே நகருக்குக் குடிபோனார். மறுவிவாகத்தை அவர் நாடவில்லை. இனி வயோதிக காலத்தில் இந்தப் பெண்கள்தான் தமக்குத் துணை என்று எந்தத் தகப்பனும் எண்ணுவான், அல்லவா? 1882-ல் இரண்டாம் மகள் பவுலீன் கார்மேல் மடம் புகுந்தாள். 1886-ல் மூத்தவள் மரி போனாள். அவள்தான் வீட்டை நடத்தி வந்தவள். நடு மகள் லெயோனியும் மடம் போவதும் சுகவீனமாய்த் திரும்புவதுமாக இருந்தாள்.

1887 மே முதல் தேதி அவரைப் பக்கவாதம் தாக்கிற்று. அதே மாதம் 29-ந் தேதி, இஸ்பிரீத்து சாந்து திருநாளன்று மாலை, பதினாலு வயது தெரேஸ் தோட்டத்தில் அவர் அருகில் அமர்ந்து, தானும் கார்மேலுக்குப் போக உத்தரவு கேட்டாள். அவர் தம் சின்ன ராணி என்று செல்லமாய் அழைத்த பிள்ளை அவள். நோயைச் சொல்லி மறுத்திருந்தால் அவரைக் குறை சொல்வார் யார்? வயது போதாது என்று தட்டிக்கழித்தாலும் நியாயமாகவே இருந்திருக்கும். அவர் அழுதார், சம்மதித்தார். பிறகு சுவரோரம் பூத்திருந்த சிறு வெள்ளைப் பூச்செடி ஒன்றை வேரோடு எடுத்து அவள் கையில் கொடுத்தார். அதை அவள் கிறிஸ்துநாதர் அநுசாரப் புத்தகத்தில் வைத்துக் காப்பாற்றினாள்.

சம்மதத்தோடு நின்றாரா? இல்லை. மடத்தின் மேலதிகாரியான குருவானவர் வயதைக் காட்டித் தடுத்தபோது, அவரே மகளை பாயே நகர மேற்றிராணியாரிடம் அழைத்துப்போய் அவளுக்காகப் பேசினார். பிள்ளை போக அவசரப்படுவதைக் கண்டிருந்த மேற்றிராணியார், கொடுக்க அவசரப்படும் தகப்பனைக் கண்டு வியந்தார். அங்கும் முடிவு கிடைக்கவில்லை. உரோமைக்கு அழைத்துப்போனார், 13-ம் சிங்கராயர் பாப்பானவர் பாதத்தில் அவள் மன்றாடினாள். 1888 ஏப்ரல் 9-ந் தேதி, மடத்து வாசலில் தகப்பனார் தாமும் முழங்காலிட்டு அவளை ஆசீர்வதித்தார். வீட்டில் பெண் கொடுக்கும்போது நாம் அழுவது சகஜம். அந்தப் பெண் திருநாளுக்குத் திருநாள் வருவாள். கார்மேலின் அடைப்போ வேறு. அக்காலத்தில் கம்பிக்கு அப்பாலிருந்துதான் சந்திக்க முடிந்தது, அவ்வளவே.

இரண்டே மாதத்தில் செலினின் முறை வந்தது. அவளை பாரீசில் சித்திரம் படிக்கவைக்க அவர் விரும்பியபோது, தனக்கும் மடத்தின்மேல் விருப்பம் என்றாள். தம் பிள்ளைகள் எல்லோரையும் கேட்டு ஆண்டவர் தம்மைக் கனப்படுத்துகிறார் என்று சொல்லி, நன்றி செலுத்த அவளையும் அழைத்துக்கொண்டு தேவநற்கருணை சந்நிதிக்குப் போனார்.

அந்த ஜூன் மாதமே அவர் புத்தி தடுமாறத் தொடங்கிற்று. ஒருநாள் சொல்லாமல் வீட்டைவிட்டுப் போய்விட்டார். தேடி லெ ஹாவ்ர் துறைமுகத்தில் கண்டுபிடித்தார்கள். 1889 பிப்ரவரியில் கான் நகரத்தில் புத்தி பேதலித்தவர்களுக்கான ஆஸ்பத்திரியில் சேர்க்கவேண்டியதாயிற்று. மூன்று வருஷத்துக்கு மேல் அங்கிருந்தார். பெண்கள் விட்டுப்போனதால்தான், அதிலும் கடைசி மகள் போனதால்தான், கிழவருக்கு இந்தக் கதி என்று ஊரார் பேசினார்கள். மூளையில் இரத்த ஓட்டம் கெட்டதே நோய்க்குக் காரணம்; அதை யார் கேட்கிறார்கள்! பேச்சு மடத்துக்குள்ளும் எட்டிப் பெண்களின் இருதயத்தை ஊடுருவியது. அவரோ, தெளிவு வந்த வேளைகளில், தம் வாழ்நாளில் தாழ்ச்சி அறியாதவர் தாம், அது தமக்குத் தேவையாயிருந்தது என்று வைத்தியரிடம் சொன்னார்.

1892 மே மாதம் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். கால்கள் விழுந்துபோயின, பேச்சும் அநேகமாய் அடங்கிவிட்டது. இரண்டு நாள் கழித்து அவரை மடத்துச் சந்திப்பு அறைக்கு எடுத்துப்போனார்கள். கம்பிக்கு அப்பால் மூன்று பெண்கள். பிரியும்போது விரலை உயர்த்தி வானத்தைக் காட்டினார். அவர்கள் அவரைக் கண்டது அதுவே கடைசி.

செலின் தன் அழைத்தலை ஆறு வருஷம் ஒத்திவைத்து, அவருக்குப் பணிவிடை செய்தாள். 1894 ஜூலை 29-ந் தேதி அவள் பக்கத்திலிருக்க அவர் மரித்தார். செப்டம்பர் 14-ந் தேதி, திருச்சிலுவை மகிமைத் திருநாளன்று, அவளும் அதே மடத்து வாசலைக் கடந்து உள்ளே போனாள்.