பிறவாத பிள்ளைக்கும் பங்கு வைத்தவர்

மரணசாதனம் எழுதாமலே ஒருவன் காலமாகிறான். மனைவி கர்ப்பவதி. காணியையும் வீட்டையும் பங்கிட உறவினர் கூடுகின்றனர். அவ்வேளை நமது நாட்டுச் சட்டம் குறுக்கிட்டு, வயிற்றிலிருக்கும் பிள்ளையையும் எண்ணிக்கொள்ளும்படி சொல்கிறது. உயிருடன் பிறந்தால், மற்றப் பிள்ளைகளைப் போல் அதற்கும் பங்குண்டு. பழைய உரோமச் சட்டத்தில் வேரூன்றிய இவ்விதியை ஒல்லாந்து மக்களின் தாய்மொழியில் எழுதி வைத்தவர், ஹியூகோ குறோஷியஸ் என்னும் சட்டமேதை.

1583இல் டெல்வ்ற் நகரில் பிறந்த இவர், 11 வயதிலேயே லெய்டன் பல்கலைக்கழகத்திற் சேர்ந்தார். சமயத் தர்க்கமும் அரசியலும் பின்னிய சச்சரவொன்றில் அகப்பட்டு, 1619இல் ஆயுட்காலச் சிறைத்தண்டனை பெற்று, லூவஸ்ரைன் கோட்டையில் அடைக்கப்பட்டார். அங்கேதான், தம் பிள்ளைகளை மனத்திற்கொண்டு, ஒல்லாந்தின் சட்டத்துக்கு ஓர் அறிமுக நூலை எழுதினார். கருவிலுள்ள சிசு, அதன் நன்மை கருதப்படும் இடத்தில், பிறந்ததாகவே கொள்ளப்படும் என்ற விதி அந்நூலில் இடம்பெற்றது.

1621இல் அவருடைய மனைவி மரியா, கணவரைப் புத்தகப் பெட்டியில் ஒளித்துக் கோட்டையிலிருந்து வெளியே அனுப்பினார். அந்நிய நாட்டில் வாழ்ந்த குறோஷியஸ், யுத்தமும் சமாதானமும் பற்றிய தமது பெருநூலை 1625இல் வெளியிட்டார். சிறையில் எழுதிய நூல் 1631இல் அச்சேறியது. 1645இல் கடற்பயணத்தில் கப்பல் சேதமுற்றபின், றொஸ்ரொக் நகரில் காலமானார்.

ஒல்லாந்தருடன் இலங்கைக்கு வந்த அச்சட்டத்தை, ஆங்கிலேயர் 1799ஆம் ஆண்டுப் பிரகடனத்தால் நிலைக்கச் செய்தனர். கண்டியச் சிங்களவருக்குக் கண்டியச் சட்டமும், யாழ்ப்பாணத் தமிழருக்குத் தேசவழமையும் உண்டு. கண்டியைச் சூழ்ந்த தோட்டங்களில் வாழும் நம் தமிழருக்குப் பொதுச் சட்டமே உரியது. அதன் அடித்தளம் உரோம டச்சுச் சட்டம். இதனோடு, தாயின் உயிரைக் காக்க நல்லெண்ணத்துடன் செய்யப்படுவது தவிர்ந்த கருக்கலைப்பை, 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை இன்றும் குற்றமாகவே கொள்கிறது.

ஆயினும் சட்டத்துக்கு எல்லையுண்டு. உயிருடன் பிறந்தபின்னரே அது பிள்ளையைச் சட்டத்தின் முன் ஒரு ஆளாக ஏற்கிறது. அதுவரை பங்கை மட்டும் ஒதுக்கி வைத்துக் காத்திருக்கிறது. மனச்சாட்சியின் கடமை அவ்வாறு காத்திருக்க இயலாது. கைம்மாறு செய்யவோ, தனக்காக வழக்குரைக்கவோ இயலாத உயிருக்கு நாம் பட்ட கடன், அதனால் நமக்கு வரும் பயனைக் கொண்டு அளக்கப்படுவதன்று. அக்கடனைத் தாயின் தலையில் மட்டும் சுமத்திவிட்டு, தகப்பனும் சுற்றமும் பங்குமக்களும் விலகி நின்றால், சட்டம் எத்தனை கடுமையாக இருந்தும் என்ன பயன்?

அன்பு வாசகர்களே, இறந்தவனின் காணியில் பங்கு வைப்பது எளிது. நமது ஊரில், ஒரு லயத்து அறையில், கைவிடப்பட்ட கர்ப்பவதி ஒருத்தி இன்று இருக்கக்கூடும். நமது உலையரிசியிலும் உழைப்பிலும் அவளுடைய பிள்ளைக்கு நாம் என்ன பங்கு வைத்திருக்கிறோம்?