சிறைவாயிலில் ஓர் அன்னை

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், கௌரா நகருக்கு அருகே அமைந்தது எரம்பி என்னும் பழங்குடியினர் குடியிருப்பு. அங்கு 1924ஆம் ஆண்டு நவம்பர் 22ஆம் நாள் விராஜூரி இனத்தில் பிறந்தவர் ஷெர்லி ஸ்மித் அம்மையார். வலிப்பு நோயின் காரணமாக முறையான பள்ளிக் கல்வி அவருக்கு வாய்க்கவில்லை; பாட்டனாரே ஆசானானார். அவரிடம் பயின்ற அப்பெண் பழங்குடி மொழிகள் 16 அறிந்தவராய் வளர்ந்தார்.

சிறைப்பட்ட உடன்பிறந்தாரைக் காணச் சென்றதே அவர்தம் பொதுவாழ்வின் தொடக்கம். அவர் விடுதலையான பின்னும் அம்மையார் சிறைக்குச் செல்வதை நிறுத்தவில்லை. ஏனைய கைதிகளை நாடிச் சென்றார். என்ன உறவு என்று அதிகாரிகள் வினவியபோதெல்லாம், தாம் அவர்களுடைய தாய் என்றே விடையிறுத்தார். அன்னை ஷெர்ல் என்று பொருள்படும் 'மம் ஷெர்ல்' என்னும் பெயர் இவ்வாறே அமைந்தது. அவ்விடையைப் பொய்யெனத் தள்ளுதல் பொருந்தாது. பெற்றவளை மட்டுமே தாயெனக் கொள்ளும் சிறைப் பதிவேட்டிற்கும், தாயின் உடன்பிறந்தாளையும் தாயென்றே போற்றும் பழங்குடி உறவுமுறைக்கும் இடைப்பட்ட தொலைவையே அது காட்டிற்று.

1970இல் சிட்னி நகரின் ரெட்ஃபெர்ன் பகுதியில் பழங்குடியினர் சட்ட உதவி நிலையம் தோன்றியது. காவலரின் ஓயாத கெடுபிடிக்கு ஆளான பழங்குடி இளைஞர்களும், ஹால் வூட்டன் போன்ற சட்ட அறிஞர்களும் கூடி எழுப்பிய அந்நிலையத்தை நிறுவியோருள் அம்மையாரும் ஒருவர். மறு ஆண்டில் மருத்துவ நிலையமும் உருவாயிற்று. தன் இனத்தவர் நடத்தும் இடத்திலேதான் அல்லலுற்றவன் அச்சமின்றி வாய் திறப்பான் என்னும் தெளிவே அவற்றின் அடித்தளம்.

மாநிலச் சிறைகளுள் தடையின்றி நுழையும் அனுமதி ஒரு காலத்தில் அம்மையாருக்கு வழங்கப்பட்டிருந்தது. அதனை வழங்கிய துறையே பின்னர் திரும்பப் பெற்றுக்கொண்டது. பிறர் அருளால் வந்த உரிமை பிறர் விருப்பால் பறிபோகும். தம் மக்களே நடத்தும் நிறுவனங்கள் ஏன் வேண்டும் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

1987இல் அமைந்த அரச ஆணையம், காவலில் நேர்ந்த 99 பழங்குடியினர் மரணங்களை ஆராய்ந்து, 1991இல் 339 பரிந்துரைகளை அளித்தது. தம் வாழ்வைத் தாமே தீர்மானிக்கும் உரிமை அம்மக்களுக்கு வேண்டும் என்பது அவற்றின் உயிர்நாடி. இரு பதிற்றாண்டுகளுக்கு முன்பே ரெட்ஃபெர்ன் மக்கள் செயலில் காட்டியதை ஆணையம் ஏட்டில் எழுதிற்று.

அறுபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகளைத் தம் பிள்ளைகளாக வளர்த்த அம்மையார் 1998 ஏப்ரல் 28ஆம் நாள் மறைந்தார். காவல் மரணங்கள் இன்னும் ஓய்ந்தபாடில்லை. பழங்குடியினரின் சட்டப்பணியும் ஓயவில்லை.