அமெரிக்க ஐஸ் கிடங்கு... கைம்பெண் சிறுமிகளின் வீடானது எப்படி? யார் இந்த சகோதரி சுப்பலட்சுமி?

ஜெகதாப்பட்டினத்துல ஐஸ் ஏத்தாம எந்த விசைப்படகும் கடலுக்குக் கிளம்பாது. ஆனா, 180 வருஷத்துக்கு முன்னாடி நம்ம ஊர்ல ஐஸ் தயாரிக்க மெஷினே கிடையாது. அமெரிக்காவில் ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டி, மரத்தூள் சுற்றிக் கப்பலில் மெட்ராஸ் வந்தது. அதைச் சேமிக்க 1842 வாக்கில் பிரெடரிக் டியூடரின் நிறுவனம் கட்டியதுதான், மெரினா எதிரே வட்ட முகப்போடு நிற்கும் ஐஸ் ஹவுஸ்.

உள்ளூரிலேயே ஐஸ் தயாரானதும் அந்த வியாபாரம் படுத்துவிட்டது. வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்கார் கட்டடத்தை வாங்கி, ஜன்னல், வராண்டா எல்லாம் வைத்து வீடாக மாற்றினார். 1897 பிப்ரவரியில் விவேகானந்தர் இங்கே தங்கினார். இது பலருக்கும் தெரிந்த கதை. அடுத்து இங்கே குடிவந்தவர்களைப் பற்றித்தான் அதிகம் பேசுவதில்லை.

1886-ல் மயிலாப்பூரில் பிறந்தவர் சுப்பலட்சுமி. 11 வயது வாக்கில் கல்யாணம். கொஞ்ச நாளிலேயே கணவர் இறந்துவிட்டார். அன்றைய பிராமணக் குடும்பங்களில் இதன் அர்த்தம் என்ன தெரியுமா? தலையை மழித்து, வண்ணப் புடவையைப் பறித்து, வீட்டு மூலையில் உட்கார வைப்பார்கள். குழந்தை என்றும் பார்க்க மாட்டார்கள். ஆனால் சுப்பலட்சுமியைப் பெற்றோர் படிக்க வைத்தார்கள். இளம் வயதிலேயே கணவரை இழந்த சித்தியும் துணை நின்றார். 1911-ல் மாநிலக் கல்லூரியில் பட்டம். சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்துப் பெண் என்று அவரைச் சொல்கிறார்கள்.

அடுத்த வருஷமே எழும்பூரில் நான்கு கைம்பெண் சிறுமிகளோடு ஒரு இல்லம் தொடங்கினார். பெண் ஆசிரியர்கள் இல்லாததால் பெண் குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்பப் பல பெற்றோர் தயங்கிய காலம் அது. ஒதுக்கி வைத்த இந்தச் சிறுமிகளையே ஆசிரியர்களாக்கினால்? கணக்கு சரியாக இருந்தது. கல்வித்துறை அதிகாரி கிறிஸ்டினா லிஞ்ச் உதவினார். 1917-ல் ஐஸ் ஹவுஸை அரசே வாங்கியது. பனிக்கட்டி உருகாமல் இருக்கக் கட்டிய சுவர்களுக்குள் சிறுமிகள் பாடம் படித்தார்கள்.

ஒரு குறையையும் சொல்லத்தான் வேண்டும். அந்த இல்லம் பிராமணக் கைம்பெண்களுக்கானது. மற்ற சாதிச் சிறுமிகளுக்கு அங்கே இடமில்லை.

பக்கத்திலேயே 1922-ல் லேடி வெலிங்டன் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி வந்தது. அதன் முதல்வராகவும் சுப்பலட்சுமி இருந்தார். பெண்ணின் திருமண வயதை 14 ஆக்கிய 1929-ம் ஆண்டு சாரதா சட்டத்தை ஆதரித்தார். 1952 முதல் 1956 வரை சட்ட மேலவை உறுப்பினர், 1958-ல் பத்மஸ்ரீ.

ஐஸ் ஹவுஸ் 1963-ல் விவேகானந்தர் இல்லம் என்று பெயர் மாறியது. சகோதரி சுப்பலட்சுமி 1969 டிசம்பர் 20-ல் காலமானார். அன்று வைகுண்ட ஏகாதசி.