உம்மம்மாவின் இருதயமும் வைத்தியர் கிறீனும்

சென்ற வருடம் உம்மம்மாவைக் கிளினிக்குக்குக் கூட்டிச் சென்றேன். வைத்தியர் ஸ்டெதஸ்கோப்பை அவரின் இடது மார்பின் கீழே வைத்து நெடுநேரம் கேட்டார். பின்னர் தாதியிடம் ஆங்கிலத்தில் ஏதோ கூறினார். என் காதில் விழுந்தது மைட்ரல் என்ற ஒரு சொல் மட்டுமே. வெளியே வந்ததும், தன் நெஞ்சுக்குள் என்ன நடக்கிறது என்று உம்மம்மா என்னிடம் கேட்டார்.

வீட்டுக்கு வந்து உயிரியல் புத்தகத்தை விரித்தேன். மேலே இரண்டு சோணையறைகள், கீழே இரண்டு இதயவறைகள். கீழறைகள் சுருங்கும்போது மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள வால்வுகள் மூடும், அதுவே லப். இரத்தம் வெளியேறியபின் பெருநாடியின் வாயிலிலும் நுரையீரல் நாடியின் வாயிலிலும் உள்ள அரைமதி வால்வுகள் மூடும், அது டப். இடப்பக்கத்து இருகூர் வால்வுதான் மைட்ரல். அது சரியாக மூடாவிட்டால் இரத்தம் பின்னோக்கி வழிந்து, லப்புக்கும் டப்புக்கும் நடுவே காற்று ஊதுவதுபோல் ஓர் ஓசை கேட்கும். மாரிமழையில் ஊறிய கதவைப் போலவா என்றார் உம்மம்மா. அதேதான் என்றேன்.

இவற்றையெல்லாம் தமிழில் முதலில் சொல்லித்தந்தவர்கள் யார் என்று ஆசிரியையிடம் கேட்டபோதுதான் சாமுவேல் பிஸ்க் கிறீனைப் பற்றி அறிந்தேன்.

ஸ்டெதஸ்கோப் பிறந்தது 1816இல், பாரிஸில். ஓர் இளம்பெண்ணின் மார்பில் காதை வைத்துக் கேட்பது முறையல்ல என்று தயங்கிய வைத்தியர் லெனெக், காகிதத்தைச் சுருட்டிக் குழலாக்கிக் கேட்டார். ஒரு பெண்ணின் நாணத்தை மதித்ததால் கிடைத்த கருவி என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. ஆறு ஆண்டுகளின் பின், 1822இல், அமெரிக்காவின் வூஸ்டரில் கிறீன் பிறந்தார்.

1847இல் மிஷன் வைத்தியராக யாழ்ப்பாணம் வந்த அவர், அடுத்த ஆண்டு மானிப்பாயில் குடியேறினார். நோயாளரைப் பார்த்தபடியே எங்கள் பிள்ளைகளுக்கு வைத்தியமும் கற்பித்தார். முதலில் ஆங்கிலத்தில்தான். அப்படிப் படித்தவர்கள் அரசாங்க உத்தியோகம் தேடி ஊரைவிட்டுப் போனார்கள். கிராமத்தவருக்கு வைத்தியர் வேண்டுமானால் படிப்பு அவர்களின் மொழியில் இருக்க வேண்டும் என்று முடிவு செய்து, 1860களில் தமிழ்வழிக் கல்விக்கு மாறினார். தம் மாணவர்கள் மேல்நாட்டு உடைக்கு மாறுவதையும் அவர் விரும்பவில்லை.

படிப்பிக்கப் புத்தகம் வேண்டுமே! அதை ஆக்குவதில்தான் அவர் வாழ்நாளின் பெரும்பகுதி கழிந்தது. மாணவர்களையும் சேர்த்துக்கொண்டு மொழிபெயர்த்தார், சொற்களைத் தேடினார், கிடைக்காதபோது ஆக்கினார். உடற்கூறு அங்காதிபாதம் ஆயிற்று, உடற்றொழில் சுகரணம், சத்திரசிகிச்சை இரணவைத்தியம். இரசாயனத்துக்கு அவர் வைத்த கெமிஸ்தம் என்ற பெயரைக் கேட்டு எங்கள் வகுப்பே சிரித்தது. ஆனால் இலண்டனில் 1858இல் வெளிவந்த கிறேயின் உடற்கூற்று நூல், 1872இல் மனுஷ அங்காதிபாதமாக மானிப்பாய் மாணவர் கைகளில் இருந்தது. அதை நினைத்தால் சிரிப்பு நின்றுவிடும்.

1873இல் ஊர் திரும்பிய பின்னும் தமிழ் நூல் வேலையை அவர் விடவில்லை. 1884இல் காலமானார். தமிழருக்கு வைத்தியராய் இருந்தவர் என்பதே கல்லறையிலும் பொறிக்கப்பட்டது. அவருக்குப் பின் தமிழ்வழி வைத்தியக் கல்வி நிலைக்கவில்லை. 1870இல் கொழும்பில் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் மொழி ஆங்கிலம்.

போன மாதக் கிளினிக்கில் உம்மம்மா வைத்தியரிடம் தானாகவே கேட்டார், இருகூர் வால்வு இன்னும் ஒழுகுகிறதா என்று. வைத்தியர் ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி வைத்துவிட்டு, கதிரையை அருகில் இழுத்துப் போட்டுத் தமிழிலேயே விளக்கத் தொடங்கினார்.