பாரிஸ் நகருக்குத் தடம் வகுத்தவர்

1891ஆம் ஆண்டில் பாரிஸ் நகரின் பெல்வில் குன்றின்மீது ஒரு சிறிய டிராம் ஏறத் தொடங்கியது. பெல்வில், தொழிலாளர்கள் நெருக்கமாக வாழ்ந்த பகுதி. அங்குச் செல்லும் தெரு குறுகலானது. குதிரைகள் இழுக்கும் டிராம் வண்டிகளுக்கு ஏற்றதல்லாத அளவுக்குச் செங்குத்தானது. ஆகவே, தெருவுக்கு அடியில் ஓயாமல் நகர்ந்துகொண்டிருந்த கம்பிவடத்தைப் பற்றிக்கொண்டு இந்த வண்டிகள் மேலேறின. இரண்டு பாதைகள் போட இடமில்லாததால் ஒரே பாதை போடப்பட்டது. எதிரெதிரே வரும் வண்டிகள் ஒன்றையொன்று கடப்பதற்காக, சில இடங்களில் மட்டும் அது இரண்டாகப் பிரிந்து மீண்டும் இணைந்தது. தடத்தின் நீளம் ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர்தான். ஆயினும், வண்டிகளில் எப்போதும் கூட்டம் நிரம்பி வழிந்தது.

இப்பணியை மேற்பார்வையிட்ட பொறியாளரின் பெயர் ஃபுல்ஜான்ஸ் பியன்வெனு. அவருக்கு இடக்கை இல்லை.

பியன்வெனு 1852ஆம் ஆண்டு ஜனவரி 27ஆம் நாள், பிரான்ஸின் பிரித்தானி வட்டாரத்தில் உள்ள உசெல் என்னும் சிற்றூரில் பிறந்தார். 13 பிள்ளைகளைக் கொண்ட குடும்பத்தில் இவரே கடைக்குட்டி. பாரிஸில் பொறியியல் பயின்று, அரசாங்கப் பொறியாளராகப் பணியில் சேர்ந்தார். 1881ஆம் ஆண்டில், நார்மண்டியில் ரயில் பாதை அமைக்கும் பணியின்போது நேர்ந்த விபத்தில் இடக்கையை இழந்தார். அப்போது அவருக்கு வயது 29. இருப்பினும், அவர் ரயில் பணியை விட்டு விலகவில்லை. 1886ஆம் ஆண்டில் பாரிஸுக்கு மாற்றலாகி வந்து, நகருக்குக் குடிநீர் கொண்டுவரும் கால்வாய்களையும் அமைத்தார்.

அக்காலத்தில் பாரிஸ் தெருக்கள் குதிரை வண்டிகளால் திணறிக்கொண்டிருந்தன. நகருக்கு ஒரு ரயில் தேவை என்பதை எல்லாரும் ஒப்புக்கொண்டனர். ஆனால், அது யாருக்கான ரயில் என்பதில்தான் சிக்கல். வெளியூர் ரயில்கள் நகரின் ஊடே ஓட வேண்டும் என்று அரசாங்கமும் பெரிய ரயில் நிறுவனங்களும் விரும்பின. நகர மன்றமோ, குடியிருப்புகளில் வாழும் மக்கள் வீட்டுக்கு அருகிலேயே ஏறி இறங்கும் ரயிலைக் கேட்டது. இந்த வழக்கு பல்லாண்டுகள் இழுபறியாக நீடித்தது. 1900ஆம் ஆண்டு உலகக் கண்காட்சி நெருங்கியதால், அரசாங்கம் விட்டுக்கொடுத்தது. தடங்களை வகுக்கும் பொறுப்பு பியன்வெனுவிடம் வந்தது.

வீடுகளுக்கு அடியில் தோண்டினால் இழப்பீடு தர வேண்டும், கட்டடங்களும் ஆட்டங்காணும். எனவே, அவர் சுரங்கங்களைப் பெரும்பாலும் தெருக்களுக்கு நேர்கீழே, அதிக ஆழமின்றி அமைத்தார். தெரு வளைந்த இடத்தில் ரயிலும் வளைந்தது. பாஸ்டில் நிலையத்தில் இன்றும் அந்தக் கூர்மையான வளைவைக் காணலாம். நிலையங்களுக்கு இடையே சராசரியாக ஏறத்தாழ 500 மீட்டர் தூரமே இருந்தது. தடத்தின் முனைகளில் வட்டமான திருப்புப் பாதைகளை அமைத்தார். ரயில், எஞ்சினை மாற்றாமல் அந்த வட்டத்தில் சுற்றித் திரும்பி வந்துவிடும்.

திட்டத்தில் இருந்த ஆறு தடங்களுள் ஒன்று, நகரையே சுற்றி வரும் வட்டத் தடமாகும். முற்காலத்தில் பாரிஸுக்குள் வரும் பொருள்களுக்கு வரி வசூலிப்பதற்காக ஒரு மதில் இருந்தது. அம்மதில் இடிக்கப்பட்ட இடத்தில் அகன்ற சாலைகள் உருவாகியிருந்தன. மக்களைப் பிரித்து வைத்த மதிலின் தடத்திலேயே, அவர்களை இணைக்கும் ரயில் வந்தது. வடக்கே, பெரிய நிலையங்களின் ரயில் பாதைகளும் ஒரு கால்வாயும் குறுக்கிட்டன. அங்குச் சுரங்கத்தைக் கைவிட்டு, தூண்களின்மேல் பாலம் எழுப்பினார். வட்டம் 1909ஆம் ஆண்டில் முழுமையடைந்தது. ஆயினும், ரயில்கள் அதில் தனித்தனித் தடங்களாகவே ஓடின. ஓயாமல் சுற்றும் ரயிலுக்குக் கடைசி நிலையம் ஏது? தாமதமானால் அதை ஈடுகட்ட இடமிருக்காது.

முதல் தடம் 1900ஆம் ஆண்டு ஜூலை 19ஆம் நாள் திறக்கப்பட்டது. பத்துக் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட அத்தடம் இரண்டே ஆண்டுகளுக்குள் கட்டி முடிக்கப்பட்டிருந்தது.

மகிழ்ச்சி நெடுநாள் நீடிக்கவில்லை. 1903ஆம் ஆண்டு ஆகஸ்ட் 10ஆம் நாள் இரவு, வட்டத்தின் வடபகுதியில் மரப்பெட்டிகளைக் கொண்ட ஒரு ரயில் தீப்பற்றியது. பின்னால் வந்த ரயில் கூரோன் நிலையத்தில் நின்றது. இறங்கிய பயணிகள் சிலர் கட்டணத்தைத் திரும்பக் கேட்டு வாதிட்டனர். அதற்குள் புகை சூழ்ந்தது, விளக்குகள் அணைந்தன. இருளில் பலர் வெளிவாயில் இல்லாத முனைக்கு ஓடினர். அந்த விபத்தில் 84 பேர் மாண்டனர். ரயில்களை இயக்கியது வேறொரு நிறுவனம். ஆனால், சுரங்கமும் நிலையமும் பியன்வெனுவின் மேற்பார்வையில் உருவானவை. அதன்பின், நிலைய விளக்குகளுக்குத் தனி மின்சாரம் வழங்கப்பட்டது. வெளிவாயிலைக் காட்டும் ஒளிப்பலகைகள் பொருத்தப்பட்டன. மரப்பெட்டிகளின் இடத்தைப் படிப்படியாக இரும்புப் பெட்டிகள் பிடித்தன.

அவருடைய வேலைகளுள் மிகக் கடினமானது, சேன் ஆற்றைக் கடந்த நான்காம் தடம். முதலில் வகுத்த வழி, பிரான்ஸின் புகழ்பெற்ற அறிஞர் மன்றத்தின் அடியில் சென்றது. அறிஞர்கள் எதிர்த்தனர், தடம் கிழக்கே திருப்பப்பட்டது. இரும்பாலான பெருங்கூடுகளைக் கரையில் பூட்டி, ஆற்றில் மிதக்கவிட்டு, அடிமண்ணுக்குள் இறக்கினர். சான் மிஷேல் அருகே மண் ஈரமாகச் சரிந்தது. கடுங்குளிரான உப்புநீரைக் குழாய்களில் செலுத்தி, அந்த மண்ணை உறையவைத்த பிறகே தோண்ட முடிந்தது. ஆற்றைக் கடக்கும் பகுதி 1910ஆம் ஆண்டு ஜனவரி 9ஆம் நாள் திறக்கப்பட்டது. அதே மாதத்தில் வந்த பெருவெள்ளம் அதை மூழ்கடித்தது. நீரை இறைத்து, மீண்டும் ரயிலை ஓடவிட்டனர்.

பியன்வெனு 1932ஆம் ஆண்டு டிசம்பரில், 80 வயதில் ஓய்வு பெற்றார். மறு ஆண்டே ஒரு நிலையத்துக்கு அவருடைய பெயர் சூட்டப்பட்டது. 1936ஆம் ஆண்டு ஆகஸ்ட் 3ஆம் நாள் அவர் காலமானார். பின்னர் அந்நிலையம் பக்கத்து நிலையத்துடன் இணைக்கப்பட்டு, மோன்பர்னாஸ் பியன்வெனு என்று இன்றும் வழங்கப்படுகிறது. பிரெஞ்சு மொழியில் அவருடைய பெயர், நல்வரவு என்னும் சொல்லைப் போன்றே ஒலிக்கும். புதிதாக வரும் பயணி ஒருவர், அந்தப் பெயர்ப்பலகை தம்மை வரவேற்பதாக எண்ணிக்கொள்ளவும் கூடும்.